எஞ்சினை இறக்குவதற்கு முன்

பழைய வெல்டிங் எந்திரம் ஒன்றை ஒருவர் வாங்குகிறார். எஞ்சின் தேய்ந்திருக்கிறது, புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது, சுமை ஏற்றினால் திணறுகிறது. அதைப் பிரித்து முழுவதுமாகப் புதுப்பிப்பதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா? அமெரிக்காவின் டெக்சாஸ், ஓக்லஹோமா மாநிலங்களில் எண்ணெய்க் குழாய் வேலையை நம்பி வாழும் வெல்டர்களிடையே தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கு இது. வழக்கின் இரு தரப்பினருமே தவறான இடத்திலிருந்து தொடங்குகிறார்கள் என்பது எங்கள் எண்ணம்.

இலக்கிய வாசகருக்கு இதில் என்ன அக்கறை இருக்க முடியும் என்று கேட்கலாம். பழையதைக் காப்பதா கைவிடுவதா என்ற கேள்வியை மொழியை முன்வைத்தும் மரபை முன்வைத்தும் நாம் ஓயாமல் விவாதித்துவருகிறோம். அங்கே யார் எதைச் சொன்னாலும் உடனே சோதித்துப் பார்க்க வழி கிடையாது. எந்திரத்தின் விஷயத்தில் அந்த வசதி உண்டு. தவறாக முடிவெடுத்தவருக்கு மறுநாள் காலையிலேயே பதில் கிடைத்துவிடும். ஆகவே இந்தக் கேள்வியை அதன் இடத்திலேயே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

எடுத்துக்காட்டாக லிங்கன் எஸ்.ஏ.-200 எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 1895-ஆம் ஆண்டு ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் நகரில் மின்மோட்டார் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட லிங்கன் எலக்ட்ரிக் நிறுவனம், பின்னாளில் வெல்டிங் துறையின் பெரும்பெயர்களில் ஒன்றாயிற்று. அதன் எஸ்.ஏ.-200 எந்திரம் சிற்சில மாற்றங்களுடன் 1980-கள் வரை வெளிவந்தது. முகப்புத் தகட்டின் நிறத்தைக் கொண்டு ‘சிவப்பு முகம்’, ‘கறுப்பு முகம்’ என்று அதன் தலைமுறைகளை வெல்டர்கள் வகைபிரிக்கிறார்கள். ஒரு பெட்டிக்குள் இரண்டு பொருள்கள் அதில் உள்ளன. ஒன்று, பெட்ரோலில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சின். மற்றது, அந்த எஞ்சின் சுழற்றும் நேர்த்திசை மின்சார ஜெனரேட்டர். 200 ஆம்பியர் என்ற அதன் திறனே பெயரிலும் நிற்கிறது.

நெடுங்காலம் அதில் பொருத்தப்பட்டவை கான்டினென்டல் நிறுவனத்தின் எஃப்-162, எஃப்-163 என்ற எஞ்சின்கள். 162 என்பது கொள்ளளவைக் கன அங்குலத்தில் குறிப்பது; நம் கணக்கில் ஏறத்தாழ 2.65 லிட்டர். வால்வுகள் தலைப்பகுதியில் இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே அமைந்த பழைய வகை. இதே வரிசை எஞ்சின்கள் மாஸி-ஹாரிஸ் டிராக்டர்களிலும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளிலும் ஓடின. வேகத்துக்காகவோ குதிரைத்திறனுக்காகவோ பேர் வாங்கியவை அல்ல இவை. ஒரே சீரான சுழற்சியில் நாள் முழுவதும் ஓடுவது ஒன்றே இவற்றின் தொழில்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த எந்திரத்தை ஏன் தேடுகிறார்கள்? காரணம் ஜெனரேட்டரில் இருக்கிறது. இன்றைய எந்திரங்களில் பெரும்பாலானவை முதலில் மாறுதிசை மின்சாரத்தை உண்டாக்கி, அதன் பின்னர் மின்னணுச் சாதனங்களின் வழியே நேர்த்திசையாக்கித் தருகின்றன. எஸ்.ஏ.-200 தன் ஆர்மேச்சரிலிருந்து கம்யூட்டேட்டர், கார்பன் பிரஷ் வழியாக நேர்த்திசை மின்சாரத்தை நேரடியாகவே எடுத்துக் கொடுக்கிறது. குழாயின் இரு முனைகளைச் சேர்த்து முதல் அடுக்கைப் போடும்போது, செல்லுலோஸ் பூச்சுள்ள 6010 வகை ராடை மேலிருந்து கீழாக இழுத்து வருவார்கள். அப்போது அந்தத் தீப்பொறியின் மென்மையை வேறெந்த எந்திரத்திலும் காணமுடியவில்லை என்பது குழாய் வெல்டர்களின் நெடுநாள் சாட்சியம். நேர்த்திசை ஜெனரேட்டர் கொண்ட புதிய எந்திரங்கள் கிடைக்காமல் இல்லை. அவற்றின் விலைக்கும் சந்தையில் கிடைக்கும் பழைய சிவப்பு முகத்தின் விலைக்கும் உள்ள தொலைவுதான் சிக்கல்.

இங்கே பணயம் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் குழாய்த் தொழிலில் வெல்டர் தன் சொந்த வண்டியோடும் சொந்த எந்திரத்தோடும் வேலைக்குச் செல்வது வழக்கம். அவருடைய உழைப்புக்கு ஒரு கூலி, அவருடைய வண்டிக்கும் எந்திரத்துக்கும் ஒரு வாடகை என இரண்டு வருமானம் உண்டு. எஞ்சின் நின்றால் இரண்டும் நிற்கும். போட்ட இணைப்புகள் எக்ஸ்-ரே முதலிய சோதனைகளுக்கு உட்படும். குறை தெரிந்தால் செப்பனிட வேண்டும், அல்லது வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போடவேண்டும். முதல் அடுக்கின் நடுவில் எஞ்சின் இரண்டு நொடி தடுமாறினால் அந்தத் தடுமாற்றம் இரும்பில் பதிந்துவிடும். எனவே தேய்ந்த எஞ்சினைப் பற்றிய கேள்வி அவருக்கு ரசனை சார்ந்தது அன்று, வயிற்றைச் சார்ந்தது.

இப்போது இரு தரப்பையும் பார்ப்போம்.

முதல் தரப்பினர் கணக்கர்கள். போர் போட்டு, புதிய பிஸ்டனும் ரிங்கும் வாங்கி, கிராங்க்கைச் சாணை பிடித்து, வால்வு சீட் வெட்டி முடிப்பதற்குள் எந்திரத்துக்குக் கொடுத்த விலையைத் தாண்டிவிடும். ஆகவே அது வீண் என்பார்கள். கூட்டல் சரியாகவே இருக்கலாம், ஒப்பீடுதான் தவறு. வாங்கிய விலை முடிந்துபோன சங்கதி. அது குறைவாக இருந்ததனால் செப்பனிடும் செலவு அநியாயமாகிவிடாது. கூடுதலாக இருந்ததனால் நியாயமாகிவிடவும் செய்யாது. ஒப்பிட வேண்டியது இதே வேலையை இதே தரத்தில் செய்துகொடுக்கும் இன்னொரு எந்திரத்தின் விலையோடு. அந்தக் கணக்கைப் போட்டால் பல சமயம் விடை தலைகீழாக வரும்.

இரண்டாம் தரப்பினர் பக்தர்கள். ‘இதுபோல இப்போது யார் செய்கிறார்கள்’ என்பது அவர்களுடைய முதல் வாக்கியம். ‘பிரித்ததுதான் பிரித்தோம், எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம்’ என்பது இரண்டாம் வாக்கியம். தேய்மானத்தை எந்திரத்துக்கு நேர்ந்த அவமதிப்பாக எண்ணி, அதைத் துடைக்கப் புறப்படுகிறார்கள். கொட்டகையில் பிரித்துப் பரப்பிய எஞ்சின் மாதக்கணக்கில் கிடப்பதும், கடைசியில் பெட்டி பெட்டியாக உதிரிகளாக விலைக்கு வருவதும் இந்தப் பக்தியின் முடிவுகளில் ஒன்று. மீட்க நினைத்தவரே அதன் இறுதிச் சடங்கையும் செய்து முடிக்கிறார்.

இரு தரப்பினரிடமும் பொதுவாக உள்ள குறை ஒன்றுண்டு. எஞ்சின் தேய்ந்துவிட்டது என்ற தீர்ப்பை இருவரும் அளக்காமலே ஏற்றுக்கொள்கிறார்கள். அதோடு, முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினையே அல்ல என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஜெனரேட்டர். எஞ்சினின் தேய்ந்த பகுதிகளைப் பெரும்பாலும் வெட்டலாம், சாணை பிடிக்கலாம், மாற்றலாம். எதுவும் முடியாதபோது வேறோர் எஞ்சினையே வைக்கலாம். ஆர்மேச்சர் எரிந்துபோயிருந்தால் அதற்குப் புதிதாகக் காயில் கட்டும் செலவு பெரும்பாலான எந்திரங்களை அங்கேயே முடித்துவைத்துவிடும். எனவே கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகள் சீராக உள்ளனவா, சில பட்டைகள் மட்டும் கருகியுள்ளனவா, பிரஷ்கள் எவ்வளவு மீந்துள்ளன, மெகர் வைத்துப் பார்த்தால் காயிலின் காப்பு தாங்குகிறதா என்பவை முதற்கேள்விகள். 1970-களில் வந்த சில எந்திரங்களில் செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பி சுற்றியிருப்பதும் உண்டு. சந்தை அவற்றைக் குறைத்தே மதிப்பிடுகிறது.

இதிலும் அவசரத் தீர்ப்பு கூடாது. நெடுங்காலம் சும்மா கிடந்த நேர்த்திசை ஜெனரேட்டர் ஓடியும் மின்சாரம் தராமல் இருப்பதுண்டு. அதன் இரும்பில் எப்போதும் எஞ்சியிருக்க வேண்டிய சிறு காந்தம் மறைந்துபோனது காரணமாக இருக்கலாம். 12 வோல்ட் பேட்டரியை முறைப்படி, முனை மாறாமல், ஃபீல்டு காயிலுக்குச் சில நொடி கொடுத்தால் பல எந்திரங்கள் விழித்துக்கொள்ளும். செத்துவிட்டது என்று பழைய இரும்புக்கு எடைபோட இருந்தது, மறதியால் மட்டுமே அவதிப்பட்டிருக்கிறது! ஈரம் ஏறிய காயிலும் நிதானமாக உலர்த்தினால் தேறிவிடக் கூடும். இவற்றுக்குப் பிறகும் ஜெனரேட்டர் தேறவில்லையென்றால் எஞ்சினைப் பற்றிய கேள்விக்கு இடமில்லை. எவ்வளவு அருமையான எஞ்சினாக இருந்தாலும் அதற்கு ஒரு டாலர் செலவிடுவதும் தவறு.

ஜெனரேட்டர் நலமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது எஞ்சின். நம்மூர்ப் பட்டறைகளில் ‘எஞ்சினை இறக்கணும்’ என்ற சொல் சற்று எளிதாகவே வாயிலிருந்து வருகிறது. இறக்குவதற்கு முன் செய்யத்தக்கவை சில உண்டு. புகையின் நிறமே பாதி கதையைச் சொல்லும். கறுப்புப் புகை கார்புரேட்டரின் குற்றம். எஞ்சின் சூடேறிய பின்னும் நிற்காத வெள்ளைப் புகை தண்ணீர் உள்ளே போவதன் அடையாளம். ஆயில் எரிவதைக் காட்டுவது நீலப் புகை. நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். எண் பெரிதா சிறிதா என்பதைவிட நான்கும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயிலை ஸ்பார்க் பிளக் துளை வழியே விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் உயர்ந்தால் குறை ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ இருக்கிறது. உயராவிட்டால் வால்வில். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் குறைந்திருந்தால் இடையே உள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்தப் பழைய வகை எஞ்சின் சும்மா கிடந்தால் வால்வுத் தண்டு துருவேறி இறுகிக்கொள்வது மிகச் சாதாரணம். கம்ப்ரஷன் சுழியம் காட்டும், வாங்கியவர் மனமுடைந்துபோவார். துரு இளக்கும் எண்ணெயும் பொறுமையும் போதும், அந்த வால்வு இறங்கிவிடும். ஹெட் என்பது இதில் வால்வுகள் ஏதுமில்லாத ஒரு மூடி மட்டுமே. அதைக் கழற்றினால் எட்டு வால்வுகளும் நான்கு பிஸ்டன்களும் சிலிண்டர் சுவர்களும் கண்முன்னே இருக்கும். புதிய வகை எஞ்சின்களில் இவ்வளவு மலிவாக உள்ளே எட்டிப் பார்க்க முடியாது.

கடைசிச் சோதனைதான் எங்கள் கருத்தில் தலையாயது. எந்திரத்தைச் சூடேற்றி, அதற்கு அதன் வேலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். தடித்த ராடை உயர் ஆம்பியரில் தொடர்ந்து எரிக்கும்போது, பொறி பிடித்த கணம் எஞ்சின் சற்றே தாழ்ந்து, கவர்னர் கார்புரேட்டரைத் திறந்துவிட, உடனே நிமிர்ந்துகொள்கிறதா? ராட் முடியும்வரை அந்தச் சீர் நிலைக்கிறதா? கார்புரேட்டர் முழுதும் திறந்த பின்னும் சுழற்சி தொடர்ந்து சரிகிறதா? சூடான நிலையில் ஆயில் அழுத்தம் நிற்கிறதா? நிமிர்ந்துகொள்கிற எஞ்சின், அழுத்தம் நிற்கிற எஞ்சின், கொஞ்சம் ஆயில் குடித்தாலும் தேய்ந்த எஞ்சின் என்ற பட்டத்துக்கு உரியது அன்று. அது வயதான எஞ்சின், அவ்வளவுதான். அதற்கு ஆயில் ஊற்றிக்கொண்டு, காற்று வடிகட்டியைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, வேலை வாங்கிக்கொண்டிருப்பதே அறிவுடைமை. ஒரு பொருளின் தேய்மானத்தை அளக்க அதன் வேலைதான் அளவுகோல். புத்தகத்தில் அச்சிட்ட புது நிலை எண்களுக்கு அதற்கு அடுத்த இடம்தான்.

இவற்றிலெல்லாம் தோற்ற எஞ்சினும் இருக்கிறது. சுமையில் சரிகிறது, சூட்டில் அழுத்தம் விழுகிறது, அடியிலிருந்து தட்டும் ஓசை வருகிறது. வெல்டிங் எஞ்சின்கள் இந்நிலைக்கு வரும் வழியும் தெரிந்ததே. கிரைண்டர் தூசியை வடிகட்டியின்றி சுவாசித்தது. பொறி இல்லாத வேளையில் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு பழுதாகி, நாள் முழுதும் முழு வேகத்தில் ஓடியது. அல்லது நேர்மாறாக, போதிய சூடு ஏறாமலே மணிக்கணக்கில் சும்மா ஓடி, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிச் சென்றது. இப்போதுதான் புதுப்பிக்கும் கேள்வி உண்மையாக எழுகிறது.

இங்கே எங்கள் நிலை கொஞ்சம் கடுமையானது. புதுப்பிப்பதானால் முழுதாகச் செய்யவேண்டும். இல்லையேல் தொடவே கூடாது. சிலிண்டர் மேலே அகன்று கீழே குறுகியிருக்க, அளக்காமல் புது ரிங் மட்டும் போடுவது பரவலான வழக்கம். பழைய ரிங் எட்டாத மேல்விளிம்பில் நின்றுவிட்ட வரப்பை எடுக்காமல் போட்டால், புது ரிங் அதில் மோதி உடையும். தேய்ந்த பேரிங்கின் மேல் புதுக் கம்ப்ரஷனை ஏற்றினால், அதுவரை எப்படியோ சமாளித்துவந்த கீழ்ப்பகுதி சீக்கிரமே தட்டத் தொடங்கும். அரைகுறைச் செப்பனிடுதல் பாதிச் செலவில் முடிவதில்லை. முழுச் செலவையும் இரண்டு முறை கேட்கும். சிலிண்டரின் தேய்மானமும் கிராங்க் கழுத்துகளின் உருண்டையும் அளவுக்குள் இருக்கின்றன என்று மைக்ரோமீட்டர் சொன்னால் மட்டுமே சிறு வேலையோடு நிறுத்தலாம்.

வெல்டரின் பொழுதையும் இதில் கணக்கிட வேண்டும். ஓய்வு நேரத்தில் பண்ணை வேலிக்கு வெல்டிங் செய்பவருக்கு ஆறு மாதத் தாமதம் நட்டமில்லை. அவர் தானே பிரித்துக் கற்றுக்கொள்ளலாம், அந்தக் கல்வியும் ஒரு வரவுதான். வாரக்கூலியில் வாழும் குழாய் வெல்டருக்கு எந்திரம் இல்லாத ஒவ்வொரு நாளும் இரட்டை இழப்பு. அவர் ஓடுகிற நிலையிலுள்ள இன்னொரு கான்டினென்டலை வாங்கி மாற்றிக்கொண்டு, பழையதை ஓய்வாகப் பட்டறைக்கு அனுப்புவதே நல்லது. டிராக்டரிலிருந்தோ ஃபோர்க்லிஃப்டிலிருந்தோ எடுத்தது என்றால் பிளைவீல் உறை, கவர்னர் முதலியன பொருந்துகின்றனவா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். சிறிய டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொள்பவர்களும் உண்டு. அதை மரபுமீறல் என்று பக்தர்கள் முகம் சுளிப்பார்கள். தேடியது அந்த மின்சாரத்தை என்றால், அதைச் சுழற்றுவது யாராக இருந்தால் என்ன?

மேத்யூ கிராஃபோர்ட் 2009-இல் வெளியிட்ட ‘ஷாப் கிளாஸ் ஆஸ் சோல்கிராஃப்ட்’ நூலை இவ்விடத்தில் நினைவுகூரலாம். தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்று, வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்தியவர் அவர். நெடுநாள் ஓடாமல் கிடந்த ஒரு ஹோண்டா மாக்னாவைச் செப்பனிடும்போது, ஒரு சீலின் குறை அவரை உள்ளே உள்ளே இழுத்துக்கொண்டு போனதை அதில் எழுதியிருக்கிறார். எந்திரத்தின் அழைப்புக்குச் செவிகொடுப்பது கைவினைஞனின் இயல்பு. ஆனால் பணம் கொடுக்கப்போவது வண்டியின் உரிமையாளர். தன் ஆர்வத்தின் மணிகளை அவர் தலையில் கட்டலாமா என்பது கிராஃபோர்டின் சங்கடம்.

கைத்தொழிலைப் போற்றி எழுதும் எழுத்துகளில் பெரும்பாலானவை இந்தச் சங்கடத்தைத் தொடுவதில்லை. செப்பனிடுவதை ஒரு தியானமாக, நுகர்வுக்கு எதிரான கலகமாகக் கொண்டாடுவதோடு அவை நின்றுவிடுகின்றன. எழுதுபவர்களுக்கு இது வசதியானது. எந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டுரை ஓடும். செப்பனிடும் கலையில் பாதி பிரிக்கத் தெரிவது என்றால், மறுபாதி எங்கே கையை எடுப்பது என்று தெரிவது. அளவு சரியாக இருக்கும் இடத்தில் நிறுத்தவும், ஆர்மேச்சர் எரிந்த இடத்தில் கண்ணீரின்றி விடைகொடுக்கவும் தெரியாதவனுடைய பழமைப் பற்று, அந்தப் பழமைக்கே பகையாகிறது. முந்தின தலைமுறை செய்துவைத்ததை நாம் மதிப்பது என்றால், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையில் அதை வைத்திருப்பதுதான்.

எனவே எங்கள் தீர்ப்பு வரிசையைப் பற்றியது. முதலில் ஜெனரேட்டர், பிறகு அளவு, பிறகு வேலைச் சோதனை, அதன்பின் வெல்டரின் பொழுது, அனைத்துக்கும் பிறகே செலவு. இந்த வரிசையில் போகிறவர்களில் பலருக்கு எஞ்சினை இறக்கும் தேவையே வராது. சிலருக்கு வரும்; அவர்கள் தயங்காமல், அரைகுறையின்றி, முழுதாகச் செய்யட்டும். மிகச் சிலர் எந்திரத்தைக் கைவிட வேண்டியிருக்கும். அவர்களும் அதன் நல்ல எஞ்சினையும் பழுதற்ற உதிரிகளையும் வேறொரு சிவப்பு முகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம்.